வில்லன் பேசட்டும், விடுங்கள்

குழந்தைகள் கார்ட்டூனில் வில்லன் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறான் என்று கவனித்துப் பாருங்கள். திருட மாட்டான், அடிக்க மாட்டான். தன் பெயரைச் சொல்வான். சும்மா சொல்ல மாட்டான். கையை விரித்து, மோவாயைத் தூக்கி, பட்டத்தோடு சேர்த்துச் சொல்வான். அப்புறம் ஒரு சிரிப்பு. சிரித்து முடித்ததும் தான் எப்பேர்ப்பட்ட ஆள், தன் திட்டம் எப்பேர்ப்பட்ட திட்டம், இதை வேறு எவனாவது யோசித்திருக்க முடியுமா என்று நீட்டி முழக்குவான். வங்கிப் பெட்டகம் அவன் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடக்கும். அள்ளிக்கொண்டு ஓட நேரம் தாராளமாக இருந்தது. பேசிக்கொண்டே நின்றதில் சூப்பர் ஹீரோ வந்து சேர்ந்தாயிற்று.

"பேசாம வேலையப் பாத்திருந்தா இந்நேரம் தப்பிச்சிருப்பான்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது கட்டாயம் சொல்வார். நியாயம்தான். ஆனால் அவன் பேசாமல் வேலையைப் பார்த்திருந்தால் நமக்குப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. என்னைக் கேட்டால் அந்தத் தம்பட்டம்தான் கார்ட்டூனின் சரக்கு. சண்டையெல்லாம் அதற்குப் பின்னால் வரும் சம்பிரதாயம்.

இந்தப் பழக்கம் மேடையிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டு மெலோடிராமா நாடகங்களில் வில்லன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, தான் செய்யப்போகும் அக்கிரமத்தைப் பெருமையாக அறிவிப்பான். கூட்டம் கூச்சல் போட்டு அவனை ஏசும். ஏச்சு எவ்வளவுக்கு எவ்வளவு பலமோ, நடிகனுக்கு அவ்வளவுக்கு அவ்வளவு வெற்றி. 1942-இல் பிறந்த மைட்டி மவுஸ் என்ற எலி சூப்பர் ஹீரோவுக்கு ஆயில் கேன் ஹாரி என்று ஒரு பூனை எதிரி வாய்த்தான். அந்தப் பழைய நாடக வில்லனை அப்படியே கிண்டல் செய்து வரைந்த உருவம் அது. மீசையும் உண்டு, பாட்டும் உண்டு.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. கார்ட்டூனுக்குக் கிடைக்கும் காசு குறைந்தது. 1950களின் கடைசியில் ஹன்னா-பார்பரா போன்ற நிறுவனங்கள் வரைய வேண்டிய படங்களின் எண்ணிக்கையை முடிந்த அளவு வெட்டின. உடம்பு ஒரே படமாக நிற்கும். வாய் மட்டும் அசையும். இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போடுவதை வரைய வேண்டுமென்றால் படம் படமாக வரைந்து தள்ள வேண்டும். ஒருவன் நின்ற இடத்தில் நின்றபடி பீற்றிக்கொள்வதற்கு நாலைந்து வாய் வடிவங்கள் போதும். வில்லனின் வாய்ச்சவடால் தயாரிப்பாளரின் பணப்பைக்கும் நல்லது என்று ஆகிவிட்டது. கதாசிரியருக்கோ இன்னும் சௌகரியம். பதினோரு நிமிடத்தில் ஒரு கதையை முடிக்க வேண்டும் என்றால் திட்டத்தைத் துப்பறிந்து கண்டுபிடிக்கவெல்லாம் நேரம் ஏது? வில்லனே வந்து சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

நான் இங்கே எழுத வந்தது வேர்ட்கேர்ள் என்ற தொடரைப் பற்றி. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.-இன் குழந்தைகள் பிரிவில் வந்தது. டொரோதியா கில்லிம் உருவாக்கியது. 2006-இல் இன்னொரு தொடரின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் கதைகளாகத் தொடங்கி, 2007 செப்டம்பரில் தனித் தொடராகி, 2015 வரை ஓடியது. படத்தை உருவாக்கிய சூப் டு நட்ஸ் ஸ்டூடியோ அதற்கு முன்பே பெரியவர்களுக்கான பேச்சு நகைச்சுவைக் கார்ட்டூன்களில் பேர் வாங்கியிருந்தது. நடிகர்களைப் பேசவிட்டு, அவர்கள் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுவதையும் சேர்த்துக்கொண்டு, அதற்குப் படம் போடும் கூட்டம் அது. அந்தக் கை வேர்ட்கேர்ளில் நன்றாகத் தெரியும். இங்கே ஒருவர் பேசும்போது இன்னொருவர் "என்ன?" என்று குறுக்கிடுவார், பேசியவர் தடுமாறுவார், கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் வாக்குவாதம் வந்துவிடும். குண்டு வெடிப்பதைவிட இந்தத் தடுமாற்றங்களுக்குத்தான் நான் அதிகம் சிரித்திருக்கிறேன்.

கதாநாயகி பெக்கி பாட்ஸ்ஃபோர்டுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. லெக்ஸிகான் என்ற கோளில் பிறந்து, விண்கலம் ஒன்று பூமியில் விழுந்ததில் இங்கே வந்து சேர்ந்து, பாட்ஸ்ஃபோர்டு குடும்பத்தில் வளர்ப்பு மகளாக வளர்கிறாள். அந்தக் கலத்தை ஓட்டிவந்த குரங்கு, வீட்டில் பாப் என்ற செல்லப் பிராணி. சண்டைக்குப் போகும்போது கேப்டன் ஹக்கிஃபேஸ். பெக்கி அப்போது வேர்ட்கேர்ள். அவளுக்குப் பறக்க வரும், பலம் உண்டு, கூடவே எல்லாச் சொற்களும் தெரியும். ஒவ்வொரு கதையும் தொடங்கும்போது இன்ன இன்ன சொற்கள் வரும், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள் என்று கதைசொல்லி சொல்லிவிடுவார். சொல் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. பாடம் நடத்தும் கார்ட்டூன் என்றால் நான் பொதுவாக எழுந்து போய்விடும் ரகம். இதில் உட்காரவைத்தது வில்லன்கள்.

யார் யார் என்று பாருங்கள். சக் என்று ஒருவன்; 'சாண்ட்விச் செய்யும் கொடியவன்' என்பது பட்டம். தலையே சாண்ட்விச் வடிவம். அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு ஊரை நடுங்கவைக்கத் திட்டம் போடுகிறவன். டாக்டர் டூ-பிரெய்ன்ஸ்: நல்ல விஞ்ஞானியாக இருந்தவர், சோதனை தவறி ஒரு எலியின் மூளை சேர்ந்து ஒட்டிக்கொண்டதில் பாலாடைக்கட்டிப் பித்துப் பிடித்த மேதையாகிவிட்டார். வாமர் என்பவன் நாலு வார்த்தைக்கு ஒரு முறை 'வாம்' சேர்க்காமல் பேசமாட்டான். மிஸ்டர் பிக் பெரிய தொழிலதிபர். ஜனங்களின் மனத்தைக் கருவி வைத்துக் கட்டுப்படுத்துகிறவர். இவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மற்றவர்கள் தங்களைப் பிறர் மெச்ச வேண்டும் என்று தவம் கிடக்கிறார்கள். இவருக்கு அந்தப் பொறுமை இல்லை, மெச்சும் மனத்தையே தயாரித்துக்கொள்கிறார். குழந்தைகள் நிகழ்ச்சி என்பதை மறந்து நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அலட்டுகிறவர்கள். விதிவிலக்கு கிரானி மே என்ற பாட்டி. காது மந்தம், கை நடுக்கம், பாவம் என்று பார்ப்பவர்கள் இரங்கும் அளவுக்கு நடிப்பாள். திருடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பீற்றிக்கொள்ளாத வில்லி எவ்வளவு கஷ்டம் கொடுப்பாள் என்பதற்கு அவள் உதாரணம். பீற்றிக்கொள்கிறவன் பாதி வேலையை நமக்காக முடித்துக் கொடுத்துவிடுகிறான்.

சரி, ஒரு சாதாரண மோதலைக் கிட்டத்தில் பார்க்கலாம். சக் தெருவில் நிற்கிறான். கையில் கெட்ச்அப்பும் கடுகுச் சாறும் பீய்ச்சும் துப்பாக்கி. மேலே வேர்ட்கேர்ள். அவன் தன் திட்டத்தை முழங்குகிறான். முழக்கத்தின் நடுவே ஒரு சொல் சறுக்குகிறது. தப்பான சொல்லைப் போட்டுவிடுகிறான், அல்லது சரியான சொல் நாக்கில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. வேர்ட்கேர்ள் அந்தரத்தில் அப்படியே நிற்கிறாள். "நீ சொல்ல வந்தது இதுவா?" என்று சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள். பொருள் சொல்கிறாள். ஒரு எடுத்துக்காட்டும் தருகிறாள். சக் யோசிக்கிறான். "ஆமாம், அதுதான்" என்கிறான். சில சமயம் நன்றிகூடச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிரட்டலைத் தொடர்கிறான்.

முதலில் இது பாடத்தைச் சொருக ஒரு தந்திரம் என்றுதான் தோன்றும். தந்திரம்தான். ஆனால் அடுத்தடுத்துப் பார்க்கும்போது வேறொன்று பிடிபட்டது. இந்த ஊரில் வில்லன் பேசுவதை உட்கார்ந்து முழுதாகக் கேட்கும் ஆள் அவள் ஒருத்திதான். போலீஸ்காரருக்கு அக்கறை இல்லை. கடைக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், காதில் ஒன்றும் ஏறாது. எடுபிடிகள் கொட்டாவி விடுகிறார்கள். பிழை திருத்துகிறாள் என்றால் அதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லாகக் காதில் வாங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தற்பெருமைக்காரனுக்கு வேண்டியது என்ன? காது கொடுக்கும் ஒரு ஆள். அடி வாங்கி ஜெயிலுக்குப் போனாலும் அடுத்த வாரமே திரும்பி வருகிறான் என்றால், அந்தக் காதுக்காகத்தான் வருகிறான் என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

டோபியை எடுத்துக்கொண்டால் இது வெட்டவெளிச்சம். பெக்கியின் வயதுப் பையன், மேதை, கட்டட உயரத்துக்கு ரோபோக்கள் செய்து ஊரை மிதிக்கவிடுவான். தன்னைவிட அறிவாளி இந்த ஊரில் கிடையாது என்பது அவன் எண்ணம், அதை வாய்விட்டுச் சொல்லவும் கூசமாட்டான். வேர்ட்கேர்ள் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஊரை நாசம் செய்தால் அவள் வருவாள். வந்தால் அவளிடம் பேசலாம். பேசினால் தன் மேதைமையைக் காட்டலாம். இதற்காக எத்தனை கட்டடம் இடிந்தால் என்ன? கடைசியில் அவன் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அதுவரை ஊரையே ஆட்டிப்படைத்தவன் முகத்தில் அந்த நொடியில் பத்து வயது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குணத்தை வைத்துப் பின்னிய கார்ட்டூன்கள் வேறும் உண்டு. 2007-இல் தொடங்கிய ஃபினியாஸ் அண்டு ஃபெர்பில் வரும் டாக்டர் டூஃபன்ஷ்மிர்ட்ஸ், தன் எதிரி பெர்ரியைப் பொறியில் மாட்டி வைத்துவிட்டு முதலில் செய்வது தன் சின்ன வயதுச் சோகங்களைச் சொல்வதுதான். தோட்டத்துப் பொம்மைக்குப் பதிலாகத் தன்னை நிற்கவைத்தார்கள், தம்பிக்குத்தான் செல்லம் என்று ஒரே புலம்பல். பெர்ரி ஒரு பிளாட்டிபஸ், வாத்து மூக்கு வைத்த விலங்கு. ஒரு வார்த்தை பேசாது. அதைவிட நல்ல துணை அவருக்கு எங்கே கிடைக்கும்? 1998-இல் வந்த பவர்பஃப் கேர்ள்ஸின் மோஜோ ஜோஜோ ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கமாட்டான். பேராசிரியரின் சோதனைக்கூடத்தில் சேட்டைக் குரங்காக இருந்தவன் அவன். அவன் முட்டிமோதியதில்தான் அந்த ரசாயனம் சிந்தி மூன்று பெண்களும் பிறந்தார்கள். ஒரு வகையில் அவர்களை உண்டாக்கியதே அவன். அதற்கான பேர் அவனுக்கு வரவில்லை, பேராசிரியரின் பாசமும் கைமாறிவிட்டது. இத்தனையும் தெரிந்த பிறகு அவன் வளவளப்பைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை.

இனி மறுபக்கம். வில்லனுக்கு வாய் ஓயாது. பெக்கிக்கு வாயைத் திறக்கவே வழியில்லை. அவள் யார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பி டி.ஜே. வேர்ட்கேர்ளின் பரம ரசிகன். ரசிகர் மன்றமே நடத்துகிறான். வேர்ட்கேர்ள் அப்படிப் பறந்தாள், இப்படி அடித்தாள் என்று சாப்பாட்டு மேஜையில் சளசளவென்று பேசுவான். எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா அவனுக்கு மொக்கை. அவளைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் இதே கதை. ஸ்கூப்ஸ் என்ற பையன் பள்ளிப் பத்திரிகையின் நிருபர். பெக்கிக்கு அவனைப் பிடிக்கும். அவனுக்கு வேண்டியது வேர்ட்கேர்ளைப் பற்றிய பரபரப்புச் செய்தி. அவளைப் பற்றி அவளிடமே வந்து விசாரிப்பான்.

முகமூடி போட்ட ஹீரோக்கள் எல்லோருக்கும் உள்ள சங்கடம்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் பெரியவர்களுக்கு அடக்கம் என்பது பழகிப்போன நாகரிகம். பத்து வயதுப் பிள்ளை தான் செய்த ஒரு பெரிய காரியத்தை வீட்டில் சொல்லாமல் இருப்பது நடக்கிற காரியமா? பல்லி வால் அறுந்ததைப் பார்த்தாலே ஓடி வந்து நான்தான் முதலில் பார்த்தேன் என்று சொல்லும் வயது. பறக்கும் சக்தியைவிட, அந்தச் சாப்பாட்டு மேஜையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய அதிசய சக்தி என்று எனக்குப் படுகிறது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி இதற்கு ஒரு சட்டம் வகுத்திருக்கிறார். புதிதாக நூல் செய்து பல துறைகளைக் கரைகண்டவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதி இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறார். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்தும் விடுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழித்தபோது. டி.ஜே. உட்கார்ந்திருக்கும் மேஜையில் இரண்டாவதும் நான்காவதும் ஒன்றாக நடக்கின்றன. அவள் ஆற்றல் அவனுக்குத் தெரியாது; கூடவே பழிக்கிறான். நன்னூலைக் காட்டி பெக்கி எழுந்து நின்று பேசியிருக்கலாம், பவணந்தியே ஆட்சேபிக்க மாட்டார். பாவம், அவளுக்கு அதுவும் இல்லை. சக் மாதிரி ஆட்களோ இந்த இரண்டாம் விதியைத் தினமும் உபயோகிக்கிறார்கள். தன் ஆற்றலை உணராதவர்களே ஊர் முழுக்க இருக்கிறார்கள் என்பதுதானே அவர்கள் வாதம்?

அவளுக்குக் கட்டியம் கூற ஒரே ஒரு ஆள் உண்டு. கதைசொல்லி. அவருக்கு ரகசியம் தெரியும். அவள் செய்வதையெல்லாம் வானொலி வர்ணனை மாதிரி ஏற்றி இறக்கிச் சொல்வார். அவளுக்குச் சில நேரம் அது சங்கடமாகிவிடும். அவர் பாட்டுக்கு அளந்துவிடுவதும் அவள் நிமிர்ந்து பார்த்துத் திருத்துவதும் தொடரின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. ரகசியம் தெரிந்த இன்னொரு ஜீவன் குரங்கு. அதற்குப் பேச வராது.

பீற்றிக்கொள்ளும் ஹீரோவே இல்லையா என்றால், இருக்கிறான். 1991-இல் வந்த டார்க்விங் டக். புகை கிளம்ப வந்து நின்று "இரவில் சிறகடிக்கும் பயங்கரம் நான்" என்று தொடங்கி அடுக்குவான். பத்திரிகையில் படம் வராவிட்டால் தூக்கம் வராது. நல்ல வேடிக்கையான தொடர். ஆனால் அங்கே வில்லனுக்குப் பேச இடம் சுருங்கிவிடுகிறது. அதனாலேயே எனக்கு அது இரண்டாம் பட்சம்.

வேர்ட்கேர்ளில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். புச்சர் என்று ஒரு வில்லன். கையிலிருந்து இறைச்சியைப் பொழிந்து தாக்குவான். ஆள் பருமன்; படிப்பு ஏறாதவன் என்று பேச்சிலேயே தெரியும். பெரிய பெரிய சொற்களை எடுத்து விடுவான், ஒன்றுகூடச் சரியாக வராது. அவள் திருத்திக்கொண்டே இருப்பாள். இங்கே யார் பீற்றிக்கொள்கிறார்கள்? தனக்குத் தெரியாத சொல்லைத் தைரியமாகப் பேசிப் பார்க்கும் அவனா, அவன் வாக்கியத்தை முடிக்கவிடாமல் திருத்தும் அவளா? எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவனை ரோஷப்படாதவனாக, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறவனாகப் படைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. சொல் தெரிந்திருப்பதும் ஒரு பந்தாதான்.

இந்தத் தொடரை நான் தனியாகப் பார்க்கவில்லை. அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவள்தான் என் கூட்டாளி. இரண்டு கதை முடிந்ததும் டேப்லெட்டை மூடிவிட்டு நடித்துக் காட்டுவாள். நடிப்பு என்றால் வேர்ட்கேர்ளாக நடிப்பாள் என்றுதானே நினைப்போம்? ஒரு தடவைகூட இல்லை. "அத்தை, நீங்க வேர்ட்கேர்ள். நான் வில்லன்" என்று முதலிலேயே பங்கு பிரித்துவிடுவாள். படுக்கை விரிப்பைத் தோளில் கட்டிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நிற்பாள். "நான் யார் தெரியுமா?" என்று தொடங்கினால் முடியாது. உலகத்தில் உள்ள எல்லாப் பென்சில்களையும் பிடுங்கி ஒரே பென்சிலாக ஒட்டப்போகிறாளாம். அது நிலா வரை போகுமாம். நிலாவில் தன் பெயரை எழுதுவாளாம். எல்லோரும் ராத்திரி அண்ணாந்து படிக்க வேண்டுமாம். தலையணையைத் தூக்கி நான் அடிக்கப் போனால், "இருங்க அத்தை, நான் இன்னும் பேசி முடிக்கல" என்று கையைக் காட்டி நிறுத்துவாள்.

இப்படி வில்லனைக் கொண்டாடுகிறார்களே, பிள்ளைகள் கெட்டுப் போகமாட்டார்களா என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. அவள் பென்சில் திருடியாக வளர்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பகல் முழுக்க "பெருமை அடிச்சுக்காதே", "அடக்கமா இரு" என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தன்னைப் பற்றி வாய் நிறையப் பேச அனுமதி கிடைக்கும் ஒரே வேடம் வில்லன் வேடம். ஹீரோவுக்கு என்ன வசனம் இருக்கிறது? "நில்!" அவ்வளவுதானே. நல்ல நடிகன் எவனும் வில்லன் வேடத்தைத்தான் கேட்பான் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். ஏழு வயதுக்கும் அது தெரிந்திருக்கிறது. அடி வாங்கி விழுவதையும் அவள் குறைவைக்காமல் செய்வாள். கட்டிலிலிருந்து உருண்டு, கையை நீட்டி, "இது முடிவல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

அவள் நடிக்க மறுத்த வில்லி ஒருத்தி உண்டு. விக்டோரியா பெஸ்ட். இவளும் சிறுமிதான். எதை எடுத்தாலும் முதலிடம். குடும்பப் பெயரே 'பெஸ்ட்'. முதலிடம் வேறு ஒருவருக்குப் போனால் பொறுக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் இவளைப் போல் கர்வி கிடையாது. ஆனால் சக்குக்கும் டோபிக்கும் தங்கள் பெருமையைப் பேசுவதில் ஒரு குஷி இருக்கிறதே, அது இவளிடம் கிடையாது. இவள் பேசும் பெருமை இவளுடையதே இல்லை. அப்பா அம்மா எழுதிக் கொடுத்தது. நம் வீட்டுப் பிள்ளை எதிலும் இரண்டாவதாக வரக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோர் அவர்கள். அவர்கள் ஒன்றும் சட்டப்படி குற்றம் செய்யவில்லை. முகமூடி கிடையாது, கருவி கிடையாது, கைது செய்ய வழி கிடையாது. வேர்ட்கேர்ள் தோற்கடிக்க முடிவது பெண்ணை மட்டும்தான். தொடரில் நிஜமாகவே கனமான இடம் இது. நிகழ்ச்சி வழக்கமான வேகத்தில் சிரித்துக்கொண்டே இதைத் தாண்டிப் போய்விடுகிறது. நின்று பார்த்திருக்கலாம்.

அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவளும் சிரிக்கவில்லை. விரலை டேப்லெட்டில் வைத்து நிறுத்தினாள்.

"அத்தை, அவ தோத்துட்டா வீட்டுக்குப் போகலாமா?"

"ஏன் போகக்கூடாது? அவ வீடுதானே?"

"அவங்க அம்மா என்ன சொல்வாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, கதை அந்த வீட்டுக்குள் அவ்வளவு தூரம் போவதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவளைத் தன் பென்சில் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவளே முடிவு செய்தாள். ஒரு நிபந்தனையும் போட்டாள். தலைவி இவள்தானாம், விக்டோரியா இரண்டாவது ஆளாகத்தான் இருக்க வேண்டுமாம்.